ஆறு பென்ஸ் மதியச் சாப்பாடு

லண்டன் ஃபாரிங்டன் பகுதியில் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தை இருக்கிறது. 1868-இல் இரும்பும் கண்ணாடியுமாகப் புதிதாக எழுப்பப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு இரவெல்லாம் வெட்டிய மாடும் ஆடும் வந்து இறங்கும். விடிவதற்குள் ஊரின் கசாப்புக் கடைகளுக்குப் பிரிந்து போய்விடும். அங்கிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால், 1880-களில், துண்டு இறைச்சிகூட உள்ளே நுழையாத உணவகம் ஒன்று இருந்தது. ‘சென்ட்ரல்’ என்று பெயர். பருப்பு சூப், வேகவைத்த வெள்ளை பீன்ஸ், மக்ரோனி, காய்கறி பை, தவிட்டோடு அரைத்த கோதுமை ரொட்டி, வெந்த பழம் ஆகியவைதான் இத்தகைய கடைகளின் சரக்கு. இறைச்சி தின்பதையே வசதியின் அடையாளமாகக் கருதிய நகரத்தில் இப்படி ஒரு கடை எப்படிப் பிழைத்தது?

கொள்கைக்காரர்களை மட்டும் நம்பியிருந்தால் பிழைத்திருக்காது. இங்கிலாந்தின் சைவ உணவுச் சங்கம் 1847 செப்டம்பர் 30 அன்று ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1809-இல், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் வில்லியம் கௌஹெர்டு என்ற பாதிரியார் தம் சபையாரை இறைச்சி விடச் சொல்லியிருந்தார். பிரசங்கங்கள் நடந்தன, துண்டறிக்கைகள் பறந்தன, ஆண்டு விருந்துகளும் நடந்தன. ஆனாலும் தெருவில் போகிறவன் உள்ளே வந்து காசு கொடுத்துச் சாப்பிடும் கடைகள் லண்டனில் பெருகுவதற்கு இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. அதைப் பெருக வைத்ததில் பிரசங்கத்தைவிட ரயிலுக்குத்தான் பங்கு அதிகம்.

1863 ஜனவரியில் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியது. புறநகர் ரயில்களும் பெருகின. வங்கி, காப்பீடு, கப்பல் கம்பெனி, வக்கீல் அலுவலகம், அச்சகம் என்று நகரின் நடுவே வேலை. வீடோ மைல் கணக்கில் தள்ளி. பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்வர முடியாத குமாஸ்தாக்கள் பல்லாயிரம் பேர் உருவானார்கள். சட்டையும் கோட்டும் கசங்காமல் இருக்க வேண்டும், சம்பளமோ கொஞ்சம். இறைச்சி பொரிக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் பை காலியாகும். மதுக்கடைக்குப் போனால் சாப்பாட்டோடு குடிக்கும் காசு வைக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள்தான் சைவ உணவகம் புகுந்தது. சூப், ஒரு சாப்பாட்டு வகை, இனிப்பு என்று மூன்று சுற்றும் சேர்த்து ஆறு பென்ஸ். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். ஆக, அரை ஷில்லிங்கில் வயிறு நிறைந்தது. பருப்பும் பீன்ஸும் மலிவு என்பதால் முதலாளிக்கும் கட்டுப்படியாயிற்று.

அங்கே மது கிடையாது. இந்தக் கடைகளை நடத்தியவர்களில் பலர் மதுவிலக்கு இயக்கத்திலும் இருந்தவர்கள். ஆகவே பத்திரிகை வைத்தார்கள், சதுரங்கப் பலகை வைத்தார்கள், பெண்கள் உட்கார இடம் ஒதுக்கினார்கள். 1880-களின் முடிவில் லண்டனில் மட்டும் இத்தகைய உணவகங்கள் ஏறக்குறைய முப்பது இருந்தன. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மாலையில் வீட்டுக்குப் போய் இறைச்சி சாப்பிடுகிறவர்கள்தான். அதைக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தன் கட்சிக்காரர்களுக்கு மட்டும் பந்தி போடாமல் பசித்தவர் யாராயினும் உட்கார வைத்ததால்தான் அந்தக் கடைகள் நின்றன.

பெர்னார்டு ஷா அப்படிச் சாப்பிட்டவர்களில் ஒருவர். டப்ளினிலிருந்து வந்து, எழுதிய நாவல்களைப் பதிப்பிக்க ஆளில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த இளைஞர் அவர். 1881-இல் இறைச்சியை விட்டார். கவிஞர் ஷெல்லியின் எழுத்து மனத்தைத் திருப்பியது என்றும், லண்டனில் அப்போது முளைத்த மலிவான சைவ உணவகங்கள்தான் அதை நடைமுறையில் சாத்தியமாக்கின என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஷெல்லி இறந்து ஏறக்குறைய அறுபது ஆண்டு ஆகியிருந்தது. உணவகம் வந்த பிறகுதான் அந்தக் கவிஞரின் வாதம் ஒரு ஏழை எழுத்தாளரின் தட்டுக்கு இறங்கியது.

‘சென்ட்ரல்’ உணவகத்தின் பெயர் இன்றும் நிற்பதற்குக் காரணம் வேறொரு வாடிக்கையாளர்.

1888-இன் பிற்பகுதியில் லண்டனில் இறங்கிய சட்ட மாணவர் மோகன்தாஸ் காந்திக்கு அப்போது பத்தொன்பது வயது. இறைச்சி தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தவர். தங்கியிருந்த வீட்டம்மாவுக்கு அவருக்கு என்ன சமைத்துப் போடுவது என்று தெரியவில்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி பரவாயில்லை. மதியமும் இரவும் கீரையும் ரொட்டியும் ஜாமும். இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கேட்கக் கூச்சம். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, மலிவான கடை எதிலாவது ரொட்டியால் வயிற்றை நிரப்பியும் பசி அடங்கவில்லை என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் ஃபாரிங்டன் தெருப் பக்கம் அந்தச் சைவ உணவகம் கண்ணில் பட்டது. வாசலருகே கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்குப் புத்தகங்கள். ஹென்றி சால்ட் 1886-இல் வெளியிட்ட சைவ உணவு ஆதரவு நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு நேரே சாப்பாட்டு அறைக்குப் போனார். இங்கிலாந்துக்கு வந்தபின் வயிறார உண்ட முதல் சாப்பாடு அதுதான் என்கிறார்.

புத்தகத்தின் விலை இரண்டு மதியச் சாப்பாட்டுக்குச் சமம் என்பதைக் கவனிக்க வேண்டும். பசியோடு வந்த ஏழை மாணவர் முதலில் புத்தகத்துக்குக் காசு எடுத்தார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்கு என்பதால் மட்டும் இறைச்சியை ஒதுக்கியவர், அந்த நூலைப் படித்தபின் தாமாகவே விரும்பிச் சைவரானார். பிறகு தனி அறை எடுத்துக் காலையில் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சி, மதியம் வெளியே சாப்பிட்டு, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் காலம் தள்ளினார். இப்படியொரு கணக்குக்குள் வாழ முடிந்ததற்கு ஆறு பென்ஸ் உணவகங்கள்தான் துணை.

இன்னொரு சிக்கலையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். முட்டை இறைச்சியா, இல்லையா? இங்கிலாந்துச் சைவர்களில் பலர் முட்டை தின்றார்கள். தாய் எதை இறைச்சி என்று நினைத்து வாக்கு வாங்கினாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று காந்தி முடிவு செய்தார், முட்டையையும் விட்டார். அதனால் சைவ உணவகத்திலேயே ஒவ்வொரு புட்டிங்குக்கும் கேக்குக்கும் “இதில் முட்டை உண்டா?” என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இயல்பிலேயே கூச்சக்காரர் அவர். ஆனாலும் சைவ உணவகத்துக்குள்ளேயே எல்லை எங்கே என்ற கேள்வியை எழுப்பினார்.

லண்டன் சைவச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் அவர் சேர்ந்தார். சங்கத் தலைவர் ஆர்னால்டு ஹில்ஸ், தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் கப்பல் கட்டும் தொழிற்சாலையின் முதலாளி. அந்தத் தொழிலாளர்களுக்காக அவர் ஆதரித்துத் தொடங்கிய கால்பந்து அணிதான் இன்றைய வெஸ்ட் ஹாம் யுனைடெட். பேஸ்வாட்டரில் காந்தி சிறிய சைவக் கழகம் ஒன்றை அமைத்தபோது நண்பர் ஜோசையா ஓல்டுஃபீல்டு தலைவர், கவிஞர் எட்வின் ஆர்னால்டு துணைத் தலைவர். 1891 ஜூனில் ஊர் திரும்புமுன் நண்பர்களுக்கு அவர் கொடுத்த விருந்து ஹோபர்ன் ரெஸ்டாரண்டில் நடந்தது. அது இறைச்சி பரிமாறும் பெரிய உணவகம். அங்கேயே முழுச் சைவ விருந்து தயாரிக்க வைத்தார்.

அந்த விருந்து நடந்த காலத்திலேயே ஆறு பென்ஸ் கடைகளுக்குப் போட்டி வந்துவிட்டது. ஏரேட்டட் பிரெட் கம்பெனியின் தேநீர்க் கடைகள் தெருவுக்குத் தெரு வந்தன. 1894-இல் லயன்ஸ் நிறுவனம் தன் முதல் தேநீர்க் கடையைப் பிக்காடிலியில் திறந்தது. மலிவு அங்கேயும் உண்டு, பளபளப்பு கூடுதல், மது அங்கேயும் இல்லை. குமாஸ்தாக்கள் நகர்ந்துவிட்டார்கள். சைவ உணவகங்கள் ஒவ்வொன்றாக மூடின. தனக்கென்று வைத்திருந்த மலிவு பறிபோனதும் தொழில் தளர்ந்தது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வாடகை கேட்பவர் காத்திருப்பதில்லை.

மிச்சமிருந்த உணவகங்களுக்கு இன்னொரு கூட்டம் உயிர் கொடுத்தது. வாக்குரிமை கேட்ட பெண்கள்.

யூஸ்டஸ் மைல்ஸ் 1908 ஒலிம்பிக்கில், பழைய அரசவை டென்னிஸ் ஆட்டத்தில், வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே சேரிங் கிராஸ் அருகே சாண்டோஸ் தெருவில் மனைவியோடு சைவ உணவகம் திறந்திருந்தார். பால் புரதத்திலிருந்து ‘எம்புரோட்’ என்ற சத்து மாவும் விற்றார். ஈ.எம். ஃபார்ஸ்டர் 1910-இல் எழுதிய ‘ஹவார்ட்ஸ் எண்ட்’ நாவலில்கூட இந்த உணவகத்தின் பெயர் வருகிறது. அந்த அளவுக்கு ஊரறிந்த இடம். ஹாலோவே சிறையிலிருந்து விடுதலையான பெண்களை வரவேற்றுக் காலை உணவு கொடுக்கும் நிகழ்ச்சிகள் அங்கே நடந்தன. கோவென்ட் கார்டன் கேத்தரின் தெருவில் ‘கார்டினியா’ என்ற இன்னொரு சைவ உணவகம். 1911-இல் “வாக்கில்லாதவரை எண்ணாதே” என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புறக்கணித்து இரவெல்லாம் வீட்டுக்கு வெளியே கழித்த பெண்கள் பலர் விடிகாலையில் அங்கே கூடினார்கள். 1912 மார்ச்சில் கடைகளின் ஜன்னல் கண்ணாடிகளை உடைக்கும் போராட்டத்திலும் கார்டினியா அவர்கள் கூடும் இடமாக இருந்தது. போலீஸ் வாசலில் காவல் நின்றது.

ஆண்துணை இல்லாமல் பெண் தனியாகப் போய் உட்கார்ந்தால் ஏற இறங்கப் பார்க்கும் காலம் அது. மது இல்லாத, குமாஸ்தாவையும் தட்டச்சுப் பெண்ணையும் ஒன்றாக நடத்திய சைவ உணவகத்தில் அந்தச் சங்கடம் குறைவு. இயக்கப் பெண்களில் சைவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் சுதந்திர லீக்கின் தலைவி சார்லட் டெஸ்பார்டு சைவர். அயர்லாந்தின் மார்கரெட் கசின்ஸும் சைவர். 1910-இல் லண்டனில் கைதாகி ஹாலோவேயில் இருந்தவர். 1915-இல் இந்தியாவுக்கு வந்து, 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர்தான்.

அதே ஆண்டுகளில் தமிழர் இருவர் சம்பந்தப்பட்ட ஒரு சைவ விருந்தும் லண்டனில் நடந்தது. 1909 அக்டோபரில் பேஸ்வாட்டரில் விஜயதசமி விழா. காந்தியும் சாவர்க்கரும் ஒரே மேடையில் பேசினார்கள். தலைமை ஏற்கக் காந்தி வைத்த நிபந்தனைகளில் ஒன்று, உணவு சைவமாக இருக்க வேண்டும் என்பது. சமையல் வேலை இந்திய மாணவர்களின் கையில். வ.வே.சு. ஐயரும் டி.எஸ்.எஸ். ராஜனும் அந்த வட்டத்தில் இருந்தவர்கள். ஒல்லியான ஒருவர் முன்கூட்டியே வந்து பாத்திரம் கழுவுவதிலும் காய் நறுக்குவதிலும் கூடமாட உதவினாராம்; அவர்தான் அன்றைய தலைவர் என்பது பிறகே தெரிந்ததாம். ராஜன் பின்னாளில் சென்னை மாகாண அமைச்சரானவர். இந்தச் சம்பவம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது.

பெண்கள் சுதந்திர லீக் ஹை ஹோபர்ன் 144-ஆம் எண் கட்டடத்தில் ‘மினர்வா’ என்ற சைவ உணவகத்தை நடத்தியது. இயக்கத்துக்கு வருமானம், ஊழியர்களுக்குச் சாப்பாடு, கூட்டம் போட இடம், மூன்றும் அதில் கிடைத்தன. இந்தக் கட்டடத்தின் கதை அதோடு முடியவில்லை. 1944 நவம்பரில், குண்டுவீச்சு ஓயாத ஊரில், அதே முகவரியில் இருந்த ‘ஆட்டிக் கிளப்’பில் ஏழெட்டுப் பேர்கூட இல்லாத கூட்டம் ஒன்று கூடியது. கூட்டியவர் லெஸ்டரைச் சேர்ந்த மரவேலை ஆசிரியர் டொனால்டு வாட்சன். பாலும் முட்டையும் தேனும்கூட வேண்டாம் என்றவர்கள் அவர்கள். வீகன் சங்கம் அன்று பிறந்தது. தமிழில் இன்று நனிசைவம் என்று வழங்குவது இந்த வழிமுறையைத்தான்.

அதற்கு அவர்கள் தேர்ந்த நேரம் எளிதானதல்ல. போர்க்கால ரேஷனில், இறைச்சிப் பங்கை விட்டுக்கொடுத்துச் சைவர் என்று பதிந்துகொண்டவர்களுக்குக் கூடுதலாகப் பாலாடைக்கட்டி கிடைத்தது. அதையும் வேண்டாம் என்பவருக்கு மாற்றாகத் தர அரசிடம் ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கும் கோசும் ரொட்டியும் அவரைப் பயறும் வைத்துக்கொண்டு அவர்கள் ஓட்டினார்கள். வெளியே சாப்பிட இடமே இல்லாத ஒரு வாழ்முறை அது. வாட்சன் தாமே தட்டச்சு செய்து அனுப்பிய செய்திமடல்தான் அவர்கள் சந்தித்துக்கொண்ட இடம்.

வாட்சனின் கூட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டு முன்பு, 1931-இல் மீண்டும் லண்டன் வந்த காந்தி, நவம்பர் 20 அன்று சைவச் சங்கத்தில் பேசினார். முதிய ஹென்றி சால்ட் அருகில் அமர்ந்திருந்தார். உடல்நலத்துக்காக மட்டும் சைவரானவர்கள் நிலைப்பதில்லை, அறம்தான் அடித்தளமாக வேண்டும் என்பது அன்று அவர் சொன்னதன் சாரம். தனி மனிதர் வாழ்வில் அது உண்மை. வாட்சனின் கூட்டம் அதற்குச் சாட்சி. உணவகத்தின் வாழ்வு மட்டும் வேறு கணக்கில் ஓடியது. சங்கத்தில் சேராத, சேரப் போகாத ஆட்களின் மதியப் பசியைத் தீர்த்தபோதெல்லாம் அது செழித்தது.

1961-இல் கார்னபி தெருவில் திறந்த ‘கிராங்க்ஸ்’ அப்படித்தான் செழித்தது. டேவிட் கேன்டர், கே கேன்டர், டாஃப்னி ஸ்வான் மூவரும் நடத்தினார்கள். சைவர்களை ஊர் எந்தச் சொல்லால் கிண்டல் செய்ததோ அதையே பெயர்ப்பலகையில் எழுதினார்கள். தவிட்டு ரொட்டி, நிறம் நிறமான பச்சைக் காய்க் கலவைகள், கையால் வனைந்த மண் தட்டுகள், தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வரிசை. அந்தத் தெரு ஃபேஷனுக்குப் பேர் போகத் தொடங்கிய நேரம். துணிக்கடைக்கு வந்த இளைஞர்கள் சாப்பிட வந்தார்கள். கிளைகள் பெருகின, 1982-இல் வந்த அவர்களின் சமையல் புத்தகம் இங்கிலாந்துச் சமையலறைகளில் பரவியது. பிறகு கை மாறிக் கை மாறி, நூற்றாண்டுத் திருப்பத்தில் உணவகங்கள் மூடின.

இதற்கிடையே யூஸ்டன் ரயில் நிலையத்தின் பின்னால் வேறொரு வரலாறு தொடங்கியிருந்தது. கென்யாவிலிருந்து 1950-களில் குடும்பத்தோடு வந்த எல்.ஜி. பாத்தக் என்ற குஜராத்தி, சமோசாவும் இனிப்பும் செய்து விற்று, டிரம்மண்ட் தெருவில் கடை போட்டார். ‘படாக்ஸ்’ ஊறுகாய், மசாலா நிறுவனத்தின் தொடக்கம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து குஜராத்திகள் வந்தபடி இருந்தார்கள். 1972-இல் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களைத் துரத்தியபோது பல்லாயிரம் பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அந்தத் தெருவில் ‘திவானா பேல்பூரி ஹவுஸ்’ திறந்தது. மர மேஜை, எவர்சில்வர் தட்டு, பேல்பூரி, தாலி, தோசை. மதியத்தில் குறைந்த விலைக்கு வேண்டிய மட்டும் எடுத்துச் சாப்பிடும் பஃபே. பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்கள், மருத்துவமனை ஊழியர்கள், ரயில் பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம். இந்த வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சைவர்கள் அல்லர்.

ஆங்கிலேய நனிசைவர்களுக்கு இந்தத் தெரு ஒரு விடுதலை. அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொட்டைப் பருப்பை அரைத்து இறைச்சித் துண்டு போலச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கோ அரிசியும் உளுந்தும் புளித்து வந்த தோசை, எந்தப் போலியும் இல்லாமல், பால் இல்லாமல், முட்டை இல்லாமல், நெய் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்ற நிலையில் காத்திருந்தது. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் டூட்டிங், ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி, ஹாரோ பகுதிகளில் தோசைக் கடைகளைப் பெருக்கினார்கள். கோயில் விரதக்காரரும், பக்கத்து வீட்டு ஆங்கிலேய நனிசைவரும் அந்தக் கடைகளில் அடுத்தடுத்த மேஜைகளில் உட்கார முடிகிறது.

நகரின் நடுவே நிலைமை வாடகையைப் பொறுத்தது. கோவென்ட் கார்டனில் 1974 முதல் நிலவறையில் மலிவாகச் சைவச் சாப்பாடு போட்ட ‘ஃபுட் ஃபார் தாட்’ 2015-இல் மூடியது. வாடகை ஏறியதைத் தாங்க முடியவில்லை. 1988-இல் சோஹோவில் தொடங்கிய ‘மில்ட்ரெட்ஸ்’ கிளைகள் கண்டு, பாலையும் முட்டையையும் அடியோடு விட்டு முழு நனிசைவ உணவகமாயிற்று. 2014-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘வீகனுவரி’ இயக்கம், ஜனவரி மாதம் மட்டுமாவது முயன்று பாருங்கள் என்றது. 2019 ஜனவரியில் கிரெக்ஸ் பேக்கரி நிறுவனம் இறைச்சியில்லாத சாசேஜ் ரோலை ஊரெங்கும் தன் கடைகளில் வைத்தது. கட்டடத் தொழிலாளியும் அலுவலகப் பெண்ணும் நடந்துகொண்டே தின்னும் பண்டம் அது. அண்மைக்காலத்தில் முழு நனிசைவ உணவகங்கள் பல மூடியதற்கு ஒரு காரணம், எல்லாக் கடைகளிலும் அந்த உணவு கிடைக்கத் தொடங்கியதுதான். லயன்ஸ் தேநீர்க் கடை அன்று செய்ததை இன்று பேக்கரிகள் செய்கின்றன.

2014 டிசம்பரில் ஐரோப்பிய விதியாக வந்து இன்றும் தொடரும் சட்டப்படி, பால், முட்டை உட்படப் பதினான்கு ஒவ்வாமைப் பொருள்கள் எந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்பதைப் பிரிட்டனின் எல்லா உணவகங்களும் வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். விதி இயற்றப்பட்டது ஒவ்வாமை உள்ளவர்களுக்காக. கூச்சத்தோடு பரிமாறுபவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய தேவை நனிசைவருக்கும் அதனால் குறைந்தது.

டிரம்மண்ட் தெருவுக்குச் சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. யூஸ்டனில் புதிய அதிவேக ரயிலுக்கான கட்டுமானம் தொடங்கியதும் சுற்றியிருந்த அலுவலகங்களும் விடுதிகளும் இடிக்கப்பட்டன. வேலித் தகடுகள் தெருவின் ஒரு முனையை மறைத்தன. நிலையத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். அந்தத் தெருவின் கடைக்காரர்கள் சேர்ந்து இழப்பீடு கேட்டார்கள், மனு கொடுத்தார்கள். 2023-இல் யூஸ்டன் பணி நிறுத்தி வைக்கப்பட்டபோது வேலிகள் அப்படியே நின்றன. மதிய பஃபேக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் அந்தக் கடைகள் இன்னும் வாடகை கட்டுகின்றன.